இது எந்தப் புளிப்பு? – வாசகர் கேள்வி பதில்

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் வட்டாரத்து அடர்நிறப் புளிப்பு பீர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் தருகிறோம். பெரும்பாலான கடிதங்களில் இருந்தது ஒரே ஐயம்: ஓக் மரத்தில் கிடந்து ஏறிய இந்தப் புளிப்பு, வேண்டி வரவழைத்ததா, வேண்டாமல் வந்து சேர்ந்ததா? நாக்குக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

கேள்வி: ரோடன்பாக் கிராண்ட் க்ரூ பாட்டில் ஒன்றைத் திறந்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் வினிகர் வாடை. கெட்டுப்போன சரக்கா, அதன் இயல்பே அப்படியா? – ஆன்ட்வெர்ப் வாசகர்

பதில்: பெரும்பாலும் இயல்புதான். மேற்கு ஃபிளாண்டர்ஸில் ரோசலாரே ஊரில் இருக்கிறது இந்த பீரைக் காய்ச்சும் ரோடன்பாக் ஆலை. ரோடன்பாக் குடும்பம் அதை வாங்கியது 1821இல். அங்கே 294 ஃபூடர்கள் உண்டு. ஃபூடர் என்பது நிமிர்ந்து நிற்கும் பிரம்மாண்டமான ஓக் மரத் தொட்டி. பெரியது 65,000 லிட்டர் வரை கொள்ளும். அதில் பீர் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கிடக்கிறது. கிராண்ட் க்ரூவில் அப்படி முதிர்ந்த பீர் மூன்றில் இரண்டு பங்கு, இளம் பீர் ஒரு பங்கு.

அந்த இரண்டு ஆண்டில் நடப்பது இது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. அது விட்டுவைத்ததை லாக்டிக் பாக்டீரியா தின்று லாக்டிக் அமிலத்தைத் தருகிறது. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம். பிரெட்டனோமைசிஸ் என்ற வேறொரு ஈஸ்ட் மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்து பழவாசனையையும் தோல்பை வாசனையையும் சேர்க்கிறது. மரத்தின் நுண்துளை வழியாகக் கசியும் காற்றை வைத்துக்கொண்டு அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலில் கொஞ்சத்தை அசிட்டிக் அமிலமாக்குகிறது. நீங்கள் முகர்ந்தது இதைத்தான். பிஹெச் அளவு குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். சாதாரண பீரில் அது 4.2 முதல் 4.5 வரை இருக்கும். இந்த வகையில் அது 3.2 முதல் 3.5 வரை இறங்கிவிடும்.

எனவே வினிகர் வாடை இருக்கத்தான் செய்யும். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வாடை பின்னுக்குப் போய் செர்ரி, உலர்ந்த பிளம், ஈர மரம் என ஒவ்வொன்றாக மேலே வந்தால் பீர் நல்ல நிலையில் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்தும் மூக்கில் குத்திக்கொண்டே இருந்து, விழுங்கும்போது தொண்டையும் எரிந்தால் அசிட்டிக் அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: இதை முறையாகச் சுவைத்துப் பார்ப்பது எப்படி? நண்பர்கள் நாலு பேர், நாலு பாட்டில். – சிங்கப்பூர் வாசகர்

பதில்: நாலு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வது நல்ல முடிவு. ஐந்தாவதுக்குள் நாக்கு அமிலத்துக்குப் பழகிப்போய் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

பாட்டில்களை முந்தின நாளே ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். வண்டல் இருந்தால் அடியில் தங்கும். ஊற்றுவதற்கு 15, 20 நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் 8 முதல் 12 டிகிரிக்குள் வந்துவிடும். உங்கள் ஊர் வெக்கையில் பத்து நிமிடமே போதும். 4 டிகிரியில் குடித்தால் வாசனை எழும்பாது, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் முரட்டுத்தனமாகத் தெரியும்; மற்றவை காணாமல் போகும். 300, 400 மில்லி கொள்ளும் வைன் கிளாஸோ டியூலிப் கிளாஸோ எடுத்து, அதில் 100 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். சோப்பு வாடை தங்கிய கிளாஸ் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெந்நீரில் அலசித் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். நுரை சீக்கிரம் அடங்கினால் குறை சொல்ல வேண்டாம், புளிப்பு பீரில் அது வழக்கம்.

முதலில் கிளாஸை அசைக்காமல் முகருங்கள். பிறகு இரண்டு சுற்று சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: சுழற்றியதும் பழம் கூடுகிறதா, வினிகர் கூடுகிறதா? முதல் மடக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். திடீர் அமிலத்தில் வாய் அதிர்ந்துபோய் எச்சில் சுரப்பதற்குத்தான் அந்த மடக்கு. இரண்டாவது மடக்கை வாயில் நாலைந்து விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியபின் 20 விநாடி எதுவும் பேசாமல், எதுவும் தின்னாமல் இருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சில குறைகள் அப்போதுதான் தெரியும். அவற்றைக் கீழே வேறொரு பதிலில் சொல்லியிருக்கிறோம்.

இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணியே வளர்ந்தவர்கள். புளிப்பு எச்சிலை ஊறவைக்கும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் இழுத்து உலர்த்தும். வாழைப்பூவும் நாவற்பழமும் செய்வதை ஓக் மரத்தின் டானின் இங்கே செய்கிறது. இரண்டையும் தனித்தனியே குறித்து எழுதினாலே உங்கள் குறிப்பு பாதி முழுமை பெற்றுவிடும்.

அமிலங்களைப் பிரித்தறிய ஒரு பயிற்சி. மூன்று கிளாஸில் தலா 200 மில்லி தண்ணீர். முதலாவதில் வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான கடையில் கிடைக்கும் 88 சதவீத லாக்டிக் அமிலம் 1 மில்லி. இரண்டாவதில் 5 சதவீத அமிலமுள்ள வினிகர் 4 மில்லி. மூன்றாவதில் இரண்டும். முதலாவதில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டிக் இருக்கும், இரண்டாவதில் லிட்டருக்கு 1 கிராம் அசிட்டிக். லாக்டிக்குக்கு மணமே கிடையாது, நாக்கின் நடுவில் உருண்டையாக நிற்கும். அசிட்டிக் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது; ஆனாலும் முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்வது அதுதான். 88 சதவீத அமிலம் தோலைப் புண்ணாக்கும், அளக்கும்போது கவனம். அது கிடைக்காவிட்டால் நன்கு புளித்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடியும் தெளிநீரை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிறம் இவ்வளவு அடர்த்தி, ஆனால் ஸ்டௌட் போலக் காபிக் கசப்பு இல்லையே, ஏன்? – கோலாலம்பூர் வாசகர்

பதில்: ஸ்டௌட் என்ற கறுப்பு பீரின் காபிக் கசப்பு, கருக வறுத்த மால்ட்டிலிருந்து (முளைவிட்டு உலர்த்திய பார்லி) வருவது. அந்த மால்ட்டும் அமிலமும் சேர்ந்தால் வாயில் சாம்பல் கரைத்ததுபோல ஆகிவிடும். அதனால் ஃபிளாண்டர்ஸ்காரர்கள் கருக்கல் மால்ட்டைத் தொடுவதே அரிது. வியன்னா மால்ட், கேரமல் மால்ட் போன்ற மிதமான வறுவல்களில்தான் செம்பழுப்பு நிறம் வருகிறது. பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவும் குறைவு. கசப்பு கூடினால் புளிப்போடு மோதும். ஹாப்ஸின் கசப்புப் பொருளுக்கு லாக்டிக் பாக்டீரியாவை ஒடுக்கும் குணமும் உண்டு. புளிப்பு ஸ்டௌட் செய்பவர்களும் இருக்கிறார்கள். கறுப்பு மால்ட்டின் உமியை நீக்கியோ, மாவை ஊறவைக்கும் கடைசிக் கட்டத்தில் மட்டும் சேர்த்தோ செய்தால் தேறும். எங்கள் கணிப்பில் நன்றாக அமைந்தவை குறைவு.

கேள்வி: முட்டியில் விட்ட பனங்கள்ளு அடுத்த நாள் புளித்துப்போகும். இவர்கள் இரண்டு வருடம் வைத்துச் செய்வதும் அதைத்தானே? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: அடிப்படையில் சரி. கள்ளிலும் ஈஸ்ட், லாக்டிக் பாக்டீரியா, அசிட்டிக் பாக்டீரியா மூன்றும் உண்டு. தென்னங்கள்ளை மேலும் புளிக்கவைத்துத்தான் உங்கள் பக்கத்து வினாகிரி வருகிறது. காலம் மாறுவதற்குக் காரணம் காற்றும் வெப்பமும் சர்க்கரையின் தன்மையும். கள்ளில் இருப்பது எளிதில் நொதிக்கும் சுக்ரோஸ், 30 டிகிரி வெக்கை, வாய் திறந்த முட்டி. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி முடிந்துவிடும். ஃபூடரில் ஈஸ்ட் தின்றபின் எஞ்சியிருப்பது நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள். அவற்றைப் பிரெட்டனோமைசிஸ்தான் மெல்ல அறுத்துத் தின்ன வேண்டும். காற்றும் மரத்தின் வழியே துளித்துளியாகத்தான் வருகிறது. அதனால் லாக்டிக் முந்திக்கொள்கிறது, அசிட்டிக் பின்தங்குகிறது. அமிலமும் ஆல்கஹாலும் கூடி எஸ்டர்களாக மாறவும் அவகாசம் கிடைக்கிறது. பழவாசனையில் பெரும்பகுதி அந்த எஸ்டர்கள் தருவது. ஒரே நாளில் புளித்த கள்ளில் அதற்கு நேரம் போதாது.

கேள்வி: எதை முதலில் வாங்குவது? – நியூ ஜெர்சி வாசகர்

பதில்: இனிப்புப் பிடித்தவர் என்றால் டச்சஸ் டி பர்கோன். விக்டே ஊரில் வெர்ஹேகே ஆலை செய்வது, ஆல்கஹால் 6.2 சதவீதம். ஓக்கில் 8 மாதம் கிடந்ததையும் 18 மாதம் கிடந்ததையும் கலக்கிறார்கள். இனிப்பு தூக்கலாக, பழைய பால்சாமிக் வினிகரை நினைவூட்டும். லேபிளில் கையில் வல்லூறோடு இருப்பவர் பர்கண்டியின் மேரி. வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து 1482இல் இறந்த இளவரசி. புளிப்பை நேருக்கு நேர் சந்திக்கத் தயார் என்றால் 6 சதவீத கிராண்ட் க்ரூ. கலக்காமல் ஒரே ஃபூடரிலிருந்து எடுக்கும் ரோடன்பாக் வின்டேஜ் 7 சதவீதம். அதை மூன்றாவதாக வையுங்கள்.

மரத்தின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள லீஃப்மன்ஸ் கௌடன்பாண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஔடநார்டே ஊர்க்காரர்களின் 8 சதவீத பீர், புளிப்பும் பழுப்பும் உண்டு, ஆனால் எஃகுத் தொட்டியில் முதிர்வது. துவர்ப்பும் வினிகரும் இல்லாத புளிப்பு எப்படி இருக்கும் என்பது அதில் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் லா ஃபோலி தேடலாம். ரோடன்பாக்கில் வேலை பார்த்த பீட்டர் பௌக்கார்ட் 1996இல் கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலைக்குப் போனபின் அங்கே உருவானது அது. ரஷ்யன் ரிவர் ஆலையின் கான்ஸிக்ரேஷன் வேறு வழியில் போகிறது: கேபர்னே சாவிஞான் வைன் இருந்த பீப்பாய், கறுப்புக் கரன்ட் பழம், 10 சதவீதம். அதைக் கடைசியில் மட்டும் ஊற்றுங்கள். முதலில் குடித்தால் மற்றவை தண்ணீராகத் தெரியும்.

கேள்வி: ஒரு பாட்டிலில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. இன்னொன்றில் குடிக்கும்போது ஒன்றும் இல்லை. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மக்கிப்போன மாவு, எலி நாற்றம் போல ஒன்று. என்ன இது? – பாரிஸ் வாசகர்

பதில்: முதலாவது எத்தில் அசிடேட். அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாவது. சிறிய அளவில் பேரிக்காய் வாசனை தரும். எல்லை மீறினால் நகப்பூச்சுக் கடைதான். பீப்பாய்க்குள் காற்று அதிகம் போனதன் அடையாளம். வைத்திருந்தாலும் குறையாது.

இரண்டாவதைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அது டெட்ராஹைட்ரோபிரிடின் வகைப் பொருள்; பிரெட்டனோமைசிஸும் சில லாக்டிக் பாக்டீரியாக்களும் தருவது. அமிலம் மிகுந்த திரவத்தில் அது ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும், அதனால் மூக்குக்குத் தெரியாது. விழுங்கியபின் எச்சில் கலந்து வாயில் அமிலம் தணிந்ததும் எழும்பும். விழுங்கியபின் 20 விநாடி காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். சிலருக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ரசித்துக் குடித்தால் வியக்க வேண்டாம். உறுதி செய்ய, இரண்டு ஸ்பூன் பீரில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டு நுரை அடங்கியதும் முகருங்கள். ஈஸ்ட் உயிரோடு உள்ள பாட்டிலில் இந்தக் குறை சில மாதங்களில் மறைவதும் உண்டு. இன்னும் திறக்காத பாட்டில் இருந்தால் ஆறு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

வெண்ணெய் வாசனை வந்தால் டைஅசிட்டைல். பீப்பாயிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். எண்ணெய் போல வழவழப்பாக நூல் விழுந்தால் பீடியோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை. இரண்டையும் பிரெட்டனோமைசிஸ் காலப்போக்கில் தின்று சரிசெய்துவிடும். வாந்தி வாடை வந்தால் மட்டும் கீழே கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் காய்ச்சிய 20 லிட்டர் பழுப்பு பீரை, புது 20 லிட்டர் ஓக் பீப்பாயில் கோடையில் வைத்தேன். வாரம் ஒருமுறை எடுத்துச் சுவைத்தேன். நாலு மாதத்தில் வினிகர். எங்கே தவறினேன்? காப்பாற்ற முடியுமா? – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: மூன்று இடத்தில் தவறியிருக்கிறது. முதலாவது பீப்பாயின் அளவு. கொள்ளளவு சுருங்கச் சுருங்க, ஒரு லிட்டர் பீருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு கூடிக்கொண்டே போகும். 225 லிட்டர் வைன் பீப்பாயோடு ஒப்பிட்டால் உங்களுடையதில் லிட்டருக்கு இரண்டே கால் மடங்கு பரப்பு; 20,000 லிட்டர் ஃபூடரோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு. போதாததற்குச் சிறிய பீப்பாயின் பலகையும் மெல்லிசு. காற்றும் அந்த விகிதத்தில் உள்ளே போகிறது. ரோசலாரேயில் இரண்டு ஆண்டு வைக்கிறார்களே என்று 20 லிட்டர் பீப்பாயிலும் அதே கணக்கைப் போடக் கூடாது. நாலு முதல் ஆறு வாரத்தில் எடுத்துக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது, வாரந்தோறும் திறந்தது. ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் படர்ந்த ஏடு கிழிகிறது, எடுத்த பீரின் இடத்தில் காற்று நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். மூடியைத் திறக்காமல் பீப்பாயின் முகப்பலகையில் சிறு துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணியால் அடைத்து வைத்தால், ஆணியைப் பிடுங்கி 30 மில்லி பிடித்துக்கொண்டு திரும்ப அடிக்கலாம். குறைந்த அளவை அவ்வப்போது வேறு பீர் விட்டு விளிம்புவரை நிரப்புங்கள். ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வெப்பம். 13 முதல் 18 டிகிரி நல்லது. 24ஐத் தாண்டினால் அசிட்டோபாக்டருக்குக் கொண்டாட்டம்.

அசிட்டிக் அமிலத்தைப் பீரிலிருந்து பிரித்தெடுக்க வீட்டில் வழியில்லை. சுண்ணாம்பு உப்புகளைப் போட்டு அமிலத்தைக் கொன்றால் சுவை சுண்ணாம்பாகும். கலப்பதுதான் வழி. கசப்பு குறைந்த, 5 முதல் 6 சதவீத பழுப்பு பீர் ஒரு தொகுதி புதிதாகக் காய்ச்சுங்கள். சிரிஞ்சால் அளந்து 100 மில்லி கிளாஸ்களில் பழையது 10, 20, 30, 40 மில்லி என்று விட்டு மீதியைப் புதியதால் நிரப்புங்கள். எந்தக் கிளாஸ் எதுவென்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி வைக்கச் சொல்லி முகருங்கள். பெரும்பாலும் 20ஐ ஒட்டித் தேர்வு நிற்கும். எந்தக் கலவையிலும் நகப்பூச்சு நெடி அடங்கவில்லை என்றால் பழையதை வினிகராகவே முழுதும் புளிக்கவிட்டு ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்த உடனே பாட்டிலில் அடைக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும். புது பீரில் எஞ்சிய சர்க்கரையைப் பழையதில் உள்ள பிரெட்டனோமைசிஸ் விடாது. அடர்த்தி 0.001 இறங்கினால் பீரின் கொள்ளளவில் ஏறத்தாழ அரை மடங்கு கார்பன் டையாக்சைடு கூடும். 1.012 உள்ள கலவை 1.004க்கு இறங்கினால் நாலு மடங்கு. சாதாரண பாட்டில் அதைத் தாங்காது. கண்ணாடிக் குடுவையில் நிரம்ப வைத்து, மாதத்துக்கு ஒருமுறை அளந்து, இரண்டு மாதம் அடர்த்தி மாறாமல் நின்றபின் தடித்த பாட்டிலில் அடையுங்கள்.

அடுத்த முறை பீப்பாயே வேண்டாம். 20 லிட்டர் குடுவையில் 30 கிராம் ஓக் துண்டுகள், வயீஸ்ட் 3763 ரோசலாரே கலவை (ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்த்துக் கடையில் விற்பது), 12 முதல் 18 மாதம். ரோடன்பாக் பாட்டிலின் அடிவண்டலைப் போட்டு வளர்க்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். அது பாஸ்டரைஸ் செய்யப்பட்டது. அதில் உயிரோடு எதுவும் இருக்காது.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்? – லண்டன் வாசகர்

பதில்: 10 முதல் 14 டிகிரி, இருட்டு, பாட்டில் நிமிர்ந்த நிலை. கௌடன்பாண்டும் வின்டேஜும் சில ஆண்டுகள் தாங்கும். காலப்போக்கில் ஷெரி வைன் சாயல் ஏறும். கிராண்ட் க்ரூவை வாங்கிய ஆண்டே குடித்துவிடுங்கள். கலக்கும்போதே அது தயாரான பீர்.

கேள்வி: எந்தச் சாப்பாட்டோடு பொருந்தும்? வயிற்றெரிச்சல் உள்ளவர் குடிக்கலாமா? – சூரிக் வாசகர்

பதில்: ஃபிளாண்டர்ஸில் மாட்டிறைச்சியைப் பழுப்பு பீரிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து உண்பார்கள், அதற்கு இது இயல்பான துணை. வடகடலின் சிறிய சாம்பல் இறாலோடும் பொருந்தும். நம் சமையலில் காரம் குறைத்த இறால் வறுவல், ஈரல் வறுவல். மிளகாய் தூக்கலாக இருந்தால் அமிலமும் வாயுவும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டிவிடும். புளிக்குழம்பு வேண்டவே வேண்டாம்: அந்தப் புளிப்பு நாக்கில் இருக்கும்போது பீரின் புளிப்பு மங்கிச் சப்பென்று தித்திக்கும்.

நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் வெறும் வயிற்றில் குடிக்காமல், குடித்தபின் தண்ணீரால் வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்குங்கள். அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தால் பல் கரையும். புளிப்பு, ஆல்கஹாலை மறைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 330 மில்லி கிராண்ட் க்ரூவில் 15.6 கிராம் ஆல்கஹால். 750 மில்லி வின்டேஜ் பாட்டிலில் 41 கிராம். அதை நாலு பேர் பகிர்ந்தால்தான் சுவைத்துப் பார்த்த கணக்கு.